கேலாங்கில் நள்ளிரவுச் சீனச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து சேரும் நம்மவர்களும், விடுமுறைக்கு வரும் உறவினர்களும் இங்குள்ள கேலாங் வட்டாரத்துச் சாப்பாடு பற்றி என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கைப்பேசியில் பதில் தட்டுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். மொழி தெரியாது, மாட்டுக்கறி ஆகாது, இடம் சரியில்லை என்று தயங்கியே பலர் பக்கத்தில் இருக்கும் நல்ல சாப்பாட்டைத் தவறவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் போக வேண்டும் என்பதே என் ஆசை.

சீ ச்சார், சீ ச்சார்னு சொல்றாங்களே, அது ரெஸ்டாரண்ட்டா, ரோட்டுக்கடையா?

இரண்டுக்கும் நடுவில். காப்பிக்கடையின் ஒரு மூலையிலோ, பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்திலோ அடுப்பு இருக்கும். வட்ட மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, பாதி மேசைகள் நடைபாதையோரம். கேட்ட பிறகுதான் சமைப்பார்கள். மீன், இறால், கோழி, கீரை, தோஃபு, நூடுல்ஸ் என்று பட்டியல் நீளமாக இருக்கும். ஆளுக்கொரு தட்டுச் சோறு, நடுவில் பொதுவாக நாலைந்து உணவு வகைகள்.

இதைச் சுத்தமான சீன உணவு என்று நினைக்க வேண்டாம். சம்பல் எனும் மிளகாய் விழுது மலாய்ச் சமையலிலிருந்து வந்தது. மீன்தலைக் கறியை சிங்கப்பூரில் முதலில் சமைத்து விற்றவராகச் சொல்லப்படுபவர் கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ், சீன வாடிக்கையாளர்கள் மீன்தலையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து அதைக் கறியில் போட்டார். இன்று புளி சேர்த்த மீன்தலைக் கறி பல சீ ச்சார் கடைகளின் பட்டியலில் உண்டு. நம் நாக்குக்கு அறிமுகமான சுவைகள் அங்கே நிறைய இருக்கின்றன.

எதுக்கு அவ்வளவு தூரம் கேலாங் போகணும்? வேற இடமே இல்லையா?

பேட்டைக்குப் பேட்டை சீ ச்சார் இருக்கிறது. ஆனால் பத்து மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பு அணைந்துவிடும். கேலாங்கில் அப்போதுதான் கூட்டம் சேரும். மாலை வேலை முடித்தவர்கள், டாக்சி ஓட்டுநர்கள், மற்ற உணவகங்களில் சமைத்துவிட்டு வரும் சமையல்காரர்கள் எல்லோரும் அங்கே வந்து உட்காருவார்கள். சமையல்காரர்கள் தேடி வரும் கடை என்பதையே நான் பெரிய சான்றிதழாக எடுத்துக்கொள்வேன்.

வழி கண்டுபிடிப்பது எளிது. கேலாங் ரோடு நீளமான பெரிய சாலை. அதன் இருபுறமும் கிளை பிரியும் தெருக்களுக்கு லோரோங் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. தவளைக் கஞ்சிக்கும், ஹோர் ஃபன் எனும் அகலமான அரிசி நூடுல்ஸை மாட்டிறைச்சியோடு செய்வதற்கும் லோரோங் 9 பக்கம் பெயர் பெற்றது.

எத்தனை மணிக்குப் போனா நல்லது?

பல கடைகள் மாலையில் திறந்து நள்ளிரவு தாண்டியும் நடக்கும். ஏழரை முதல் ஒன்பது வரை குடும்பக் கூட்டம். பத்தரைக்கு மேல் சப்பர், அதாவது பின்னிரவுச் சாப்பாட்டுக் கூட்டம். பத்து மணி வாக்கில் போய் உட்காருவது என் வழக்கம். மேசை கிடைக்கும், அடுப்பும் சூடாக இருக்கும். கோவிட் காலத்துக்குப் பிறகு நேரத்தைச் சுருக்கிக்கொண்ட கடைகள் உண்டு. அதனால் பழைய நண்பர் சொன்ன 'விடிய விடியத் திறந்திருக்கும்' என்பதை நம்பிக் கிளம்பாமல், போகுமுன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

அந்த ஏரியா பேரே சரியில்லையே. குடும்பத்தோட போகலாமா?

போகலாம். கேலாங்கின் சில லோரோங்குகளில், குறிப்பாக இரட்டைப்படை எண் கொண்ட சிலவற்றில், சிவப்பு விளக்குத் தொழில் நடப்பது எல்லோரும் அறிந்தது. சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த கேலாங் ரோட்டில் இரவு முழுக்க வெளிச்சமும் நடமாட்டமும் இருக்கும். பாட்டியும் பேரனும் ஒரே மேசையில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். பிள்ளைகளோடு போனால் பெரிய சாலையிலேயே நடங்கள், உள்தெருக்களில் வேடிக்கை பார்க்கவோ படம் எடுக்கவோ வேண்டாம்.

அதே வட்டாரத்தில் பௌத்த ஆலயங்களும் சீன குலச் சங்கங்களும் வரிசையாக இருக்கின்றன. ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் டோபி காட்டில் இருந்த ஸ்ரீ சிவன் கோயில் இப்போது இருப்பதும் கேலாங் ஈஸ்ட்டில்தான். ஒரு வட்டாரத்தை அதன் ஒரு தொழிலை மட்டும் வைத்து எடைபோடுவது அங்கே வாழும் மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

எனக்குச் சீனம் ஒரு வார்த்தை தெரியாது. எப்படி ஆர்டர் பண்றது?

பட்டியலில் படமும் எண்ணும் இருக்கும். விரலால் காட்டினாலே போதும். ஆங்கிலம் ஓரளவு எல்லாக் கடையிலும் ஓடும். வயதானவர்களை 'அங்கிள்', 'ஆண்ட்டி' என்று கூப்பிடுங்கள். அந்த மரியாதைக்கு உடனே பலன் தெரியும். சில சொற்கள் தெரிந்தால் நல்லது. 'பு யாவ்' என்றால் வேண்டாம். 'பு லா' என்றால் காரம் வேண்டாம். 'தா பாவ்' என்றால் கட்டிக் கொடுங்கள். 'மாய் தான்' என்றால் பில்.

ஒன்றைக் கவனியுங்கள்: காப்பிக்கடையில் பானம் விற்பவர் வேறு, சமைப்பவர் வேறு. உட்கார்ந்ததும் முதலில் வருபவர் பானக்காரர். அவருக்கு அப்போதே காசு கொடுத்துவிட வேண்டும். பால் இல்லாத தேநீருக்குத் 'தே ஓ', அதிலேயே சீனியும் வேண்டாம் என்றால் 'தே ஓ கோசோங்' என்று கேளுங்கள். எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சாறோ பார்லித் தண்ணீரோ நன்றாகப் பொருந்தும்.

நாலு பேர் போறோம். எவ்வளவு சொல்லணும்?

சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுகள். நாலு பேருக்குச் சிறிய அளவில் நாலு வகை, ஆளுக்கொரு சோறு. ஒரு கீரை, ஒரு தோஃபு அல்லது முட்டை, ஒரு கோழி, ஒரு மீன் அல்லது இறால் என்று பிரித்துச் சொல்லுங்கள். புதியவர்கள் செய்வது, ஆளுக்கொரு ஃபிரைடு ரைஸ் சொல்லிவிட்டு அதைச் சாப்பிட முடியாமல் தவிப்பது. இரண்டு பேர் மட்டும் என்றால் ஒரு ஹோர் ஃபன், ஒரு கீரை போதும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது: கங்கோங் கீரையைச் சம்பலில் வதக்கிய சம்பல் கங்கோங், ஓட்ஸ் போன்ற தானியப் பொரியலும் கறிவேப்பிலையும் தூவிய சீரியல் இறால், இறால் விழுதில் ஊறிய கோழிப் பொரியல். கறிவேப்பிலை வாசனை வந்ததும் அந்நியத்தன்மை பாதி போய்விடும்.

நான் மாட்டுக்கறி சாப்பிட மாட்டேன். சொன்னா சிரிப்பாங்களா?

சிரிக்க மாட்டார்கள். நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இது: குவான் யின் அம்மனை வழிபடும் சீனர்கள் பலரும் மாட்டிறைச்சி தொடுவதில்லை. கடைக்காரருக்கு அது தினம் கேட்கிற பேச்சு. 'பு யாவ் நியூ ரோ' என்று சொல்லுங்கள், அல்லது ஆங்கிலத்தில் 'நோ பீஃப்'. ஹோர் ஃபன்னை மீனிலோ இறாலிலோ கோழியிலோ செய்து தருவார்கள்.

ஆனால் சட்டி ஒன்றுதான். முந்தைய தட்டு மாட்டிறைச்சியாக இருந்திருக்கலாம். நடுவில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், அவ்வளவே. அதுவும் மனசுக்கு ஒப்பாது என்றால், மாட்டிறைச்சியே பட்டியலில் இல்லாத கடையைத் தேர்ந்தெடுங்கள். அப்படிப்பட்ட கடைகளும் உண்டு.

நான் சுத்த சைவம். எனக்கு அங்கே என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்விக்கு விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாந்து போகிறவர்கள் இங்கேதான் அதிகம். காய்கறித் தட்டு என்றால் சைவம் என்று நினைத்துவிடுகிறோம். சம்பல் கங்கோங்கில் இறால் விழுது இருக்கும். கைலான் கீரை மேல் ஊற்றும் பழுப்புச் சாறு சிப்பியிலிருந்து வருவது. சூடான இரும்புத் தட்டில் வரும் தோஃபு பெரும்பாலும் முட்டைத் தோஃபு, மேலே கொத்துக்கறியும் இருக்கலாம். ஃபிரைடு ரைஸில் சீனத் தொத்திறைச்சித் துண்டுகள் கிடக்கும். குழம்புகளுக்கு அடிப்படை எலும்புச் சாறு. சில கடைகளில் வதக்குவதே பன்றிக்கொழுப்பில்.

'வெஜிடபிள்' என்று சொல்லாதீர்கள், 'வோ ச்சு சூ' என்று சொல்லுங்கள். நான் சைவம் சாப்பிடுகிறவன் என்பது அவர்களுக்குச் சரியாகப் புரியும். சீனர்களில் சந்திர மாதத்தின் 1, 15 ஆகிய நாள்களில் சைவம் இருப்பவர்கள் நிறைய. ஒன்றை எதிர்பாருங்கள்: அவர்களுடைய சைவத்தில் வெங்காயமும் பூண்டும் கூட விலக்கு. கேட்காமலேயே அவை இல்லாமல் வரலாம்.

ஆனாலும் என் நேர்மையான கருத்து: கண்டிப்பான சைவர்கள் சீ ச்சார் கடையின் சட்டியை நம்ப வேண்டாம். கேலாங்கின் லோரோங்குகளில் பௌத்த ஆலயங்களை ஒட்டிச் சீன சைவக் கடைகள் இருக்கின்றன. காளானிலும் சோயாவிலும் அவர்கள் செய்வதைச் சாப்பிட்டால் சைவத்துக்கு இவ்வளவு வகையா என்று ஆச்சரியப்படுவீர்கள். அவை சீக்கிரம் மூடிவிடும். அங்கே முதலில் சாப்பிட்டுவிட்டு, நண்பர்களோடு பார்லித் தண்ணீர் குடிக்க வந்து உட்காரலாம்.

நான் முஸ்லிம். 'நோ போர்க், நோ லார்ட்'னு போர்டு இருந்தா போதுமா?

அந்தப் பலகை ஹலால் சான்றிதழ் ஆகாது. இறைச்சி எப்படி அறுக்கப்பட்டது, சமையலில் மது சேர்கிறதா என்பதற்கெல்லாம் அது பதில் சொல்வதில்லை. சீன சமையலில் அரிசி மது சேர்ப்பது சகஜம். சிங்கப்பூரில் ஹலால் சான்றிதழ் வழங்குவது முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம். கடையில் அந்தச் சான்றிதழைப் பாருங்கள். சான்றிதழ் பெற்ற சீ ச்சார் கடைகள் தீவில் உண்டு. கேலாங் ரோட்டின் கிழக்குக் கோடியில் உள்ள கேலாங் சிராய் பக்கம் மலாய்க்காரர் கடைகளும் இருக்கின்றன.

தவளைக் கஞ்சியா? நிஜமாவே தவளையா?

நிஜமாகவே. பண்ணையில் வளர்க்கும் பெரிய புல்ஃபிராக் வகை. சிங்கப்பூரிலேயே லிம் சூ காங் பக்கம் தவளைப் பண்ணை இருக்கிறது. ஒரு மண்சட்டியில் வெள்ளைக் கஞ்சி, இன்னொன்றில் காய்ந்த மிளகாய், வெங்காயத் தாளோடு கருமையான குழம்பில் தவளை. குழம்பைக் கஞ்சியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சாப்பிட வேண்டும். கறி கோழியைவிட மிருதுவாக இருக்கும், சிறு எலும்புகள் உண்டு. காரம் வேண்டாதவர்களுக்கு இஞ்சி, வெங்காயத் தாளில் செய்தது. விலை தவளைக் கணக்கில். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பலகைகளைக் காணலாம்.

தவளை வேண்டாம் என்றால் மீன் கஞ்சி இருக்கிறது. முன்பு கஞ்சியோடு பச்சை மீன் துண்டுகளும் தருவார்கள். 2015இல் அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவது தடை செய்யப்பட்டது. இப்போது வெந்த மீன்தான்.

ஹோர் ஃபன்ல வர்ற அந்தப் புகை வாசனை வீட்ல செஞ்சா ஏன் வரலை?

அதற்கு 'வோக் ஹேய்' என்பார்கள். காரணம் அடுப்பு. கடையில் எரிவது வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு வெப்பம் தரும் வாயு அடுப்பு. இரைச்சலே தெருவரை கேட்கும். மெல்லிய இரும்புச் சட்டி அதில் புகை கிளம்பும் அளவு காயும். நூடுல்ஸை மேலே தூக்கிப் போடும்போது ஈரம் நொடியில் ஆவியாகிறது. தெறிக்கும் எண்ணெய்த் துளிகள் தீப்பற்றி எரிகின்றன. சோயா சாற்றின் சர்க்கரையும் புரதமும் பழுப்பாகின்றன. இவையெல்லாம் சேர்ந்ததே அந்த வாசனை. வீட்டு அடுப்பில் ஒரே சமயத்தில் நிறையப் போட்டால் சட்டி குளிர்ந்து, நூடுல்ஸ் தன் ஈரத்திலேயே வெந்துவிடும். ஒரு ஆளுக்கு மட்டும் போட்டுச் செய்தால் ஓரளவு கிட்டத்தில் வரலாம்.

ஹோர் ஃபன் இரண்டு கட்டமாகச் செய்வது. அகலமான அரிசி நூடுல்ஸை முதலில் உலர வதக்கித் தட்டில் எடுத்து வைப்பார்கள். பிறகு அதே சட்டியில் மாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பைச் செய்து மேலே ஊற்றுவார்கள். வந்த உடனே சாப்பிடுங்கள். கட்டி வாங்கினால் குழம்பைத் தனியாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் வீடு போவதற்குள் கூழாகிவிடும்.

அஜினமோட்டோ போடுவாங்களே, உடம்புக்கு ஆகுமா?

போடுவார்கள், மறைக்க ஒன்றுமில்லை. 1908இல் டோக்கியோவில் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சுவைப்பொருள் அது. அதிலுள்ள குளுட்டமேட் தக்காளியிலும் காளானிலும் இயற்கையாகவே இருக்கிறது. 1968இல் ஒரு மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதத்திலிருந்து தலைவலி, படபடப்பு என்ற பயம் பரவியது. எதில் கலந்திருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துச் சோதித்தபோது, சாதாரண அளவில் அப்படிப்பட்ட தொல்லை சீராக உறுதிப்படவில்லை. சீனச் சாப்பாட்டை மட்டும் குறிவைத்து அந்தப் பயம் இத்தனை காலம் நீடித்தது எனக்கு வருத்தம் தருகிறது.

சாப்பிட்ட பின் வரும் தாகத்துக்குப் பெரிய காரணம் மொத்த உப்பு: சோயா, சிப்பிச் சாறு, இறால் விழுது எல்லாமே உப்பு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குழம்பைத் தட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நண்டு சொன்னோம், பில் பார்த்ததும் மயக்கமே வந்துடுச்சு. ஏமாத்துறாங்களா?

விலை எழுதாமல் 'சந்தை விலை' என்று மட்டும் போட்டிருந்தால், வாய் திறந்து கேட்க வேண்டியது நம் வேலை. மூன்று கேள்விகள்: கிலோவுக்கா, 100 கிராமுக்கா? இந்த நண்டு எவ்வளவு எடை? மொத்தம் எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)? 100 கிராம் விலையைக் கிலோ விலை என்று நினைத்தால் கணக்கு பத்து மடங்கு தவறும். பெரும்பாலான குழப்பம் அங்கேதான். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. உள்ளூர்ச் சீனர்களும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள். முழு மீனுக்கும் இதே விதி.

பட்டியலில் 'ஸ்ரீலங்கா நண்டு' என்று பார்த்தால், அது யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் களப்புகளில் பிடிபடுவது போன்ற சேற்றுநண்டு. பெரியவை விமானமேறி இங்கே வந்துவிடுகின்றன. கனமான கொடுக்கு, இனிப்பான சதை. சிங்கப்பூர் மிளகாய் நண்டைத் தொடங்கியவராக அறியப்படும் செர் யாம் தியான் 1956இல் அதை விற்றது காலாங் ஆற்றங்கரையில், கேலாங்குக்கு அருகேதான். தக்காளியும் மிளகாயும் முட்டையும் கலந்த அந்தக் குழம்பைப் பொரித்த மந்தோவ் பன்னில் தொட்டுச் சாப்பிடுங்கள். காரம் கூடுதலாக வேண்டுமென்றால் கருமிளகு நண்டு.

கேட்காத கடலைக்கும் துண்டுக்கும் காசு போட்டிருக்காங்களே?

மேசையில் வைக்கும் வேர்க்கடலை, ஈரத்துண்டு, சீனத் தேநீர் ஆகியவை பல கடைகளில் இலவசம் அல்ல. வேண்டாம் என்றால் உட்கார்ந்ததும் திருப்பிக் கொடுங்கள், பில்லில் வராது. தொடாமல் விட்டும் வந்திருந்தால் சொல்லுங்கள், எடுத்துவிடுவார்கள்.

காப்பிக்கடைச் சீ ச்சாரில் பொதுவாக எழுதிய விலைதான் விலை. குளிர்சாதன உணவகமாக இருந்தால் 10% சேவைக் கட்டணமும், அதன் மேல் 9% பொருள் சேவை வரியும் சேரலாம். டிப்ஸ் தேவையில்லை. ரொக்கம் கையில் இருக்கட்டும். எல்லாக் கடையும் கார்டு வாங்காது.

பீர் எத்தனை மணி வரைக்கும் கிடைக்கும்?

கடையின் உரிமத்தைப் பொறுத்தது. அந்த நேரம் வரை கடைக்குள் குடிக்கலாம். ஆனால் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பதும், கட்டி எடுத்துப்போக வாங்குவதும் 2015 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் முழுக்கத் தடை. கேலாங்கும் லிட்டில் இந்தியாவும் கூடுதல் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் தெருவில் குடிக்கவே கூடாது. பாதி குடித்த பாட்டிலோடு நடைபாதையில் இறங்காதீர்கள். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்கணுமா?

காப்பிக்கடைகளில் 2022 தொடக்கத்திலிருந்து மேசையைக் குப்பையாக விட்டுப் போவது குற்றம். முதல் தடவை எச்சரிக்கை, மறுபடி செய்தால் 300 வெள்ளி அபராதம். சீ ச்சார் மேசைகளைப் பெரும்பாலும் கடை ஆட்களே அள்ளிப்போவார்கள். ஆனாலும் நண்டு ஓடு, டிஷ்யூ எல்லாவற்றையும் ஒரே தட்டில் சேர்த்து, தட்டு வைக்கும் அடுக்கு பக்கத்தில் இருந்தால் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். நள்ளிரவில் அந்த மேசைகளைத் துடைப்பவர்கள் பலர் நம் தாத்தா பாட்டி வயதினர்.

மிச்சத்தைக் கட்டி வாங்கிட்டு வந்தா காலையில சாப்பிடலாமா?

வந்ததும் குளிர்பெட்டியில் வைத்தால் சரி. சோற்றையும் நூடுல்ஸையும் மேசையில் விட்டுத் தூங்கிவிட்டால் எறிந்துவிடுங்கள். வெந்த சோற்றில் பெருகும் ஒருவகை பாக்டீரியாவின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

ராத்திரி திரும்பி வர்றது எப்படி?

பக்கத்து எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் அல்ஜுனிட், பச்சை வழித்தடம். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி. அதைத் தவறவிட்டால் டாக்சிதான். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டர் தொகையில் 50% கூடும். நாலு பேராகப் போனால் பங்கு போட்டுக்கொள்ளலாம். வழியில் டுரியான் கடைகள் கண்ணில் படும்; அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள், ரயிலில் டுரியானுக்கு அனுமதியில்லை.

எங்க குரூப்ல ஒருத்தர் சைவம், ஒருத்தர் பீஃப் சாப்பிடாதவர், ஒருத்தர் முஸ்லிம். ஒரே மேசைல உட்கார முடியுமா?

மூவரும் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்பதை முதலில் கேளுங்கள். முஸ்லிம் நண்பர் ஹலால் சான்றிதழ் எதிர்பார்ப்பவர் என்றால், முயிஸ் சான்றிதழ் உள்ள சீ ச்சாருக்கே எல்லோரும் போய்விடுங்கள். பன்றிக்கொழுப்புக் கவலை சைவருக்கும் அங்கே தீர்ந்துவிடும். மாட்டிறைச்சி விலக்குபவர் மேலே சொன்னபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சைவருக்குச் சிப்பிச் சாறு, இறால் விழுது, எலும்புச் சாறு மூன்றும் இல்லாமல் பூண்டில் வதக்கிய கீரையும் வெறும் சோறும் முதலில் சொல்லுங்கள். சட்டி கழுவிய கையோடு அது வந்துவிடும். அவருக்குச் சட்டியே ஆகாது என்றால், சைவப் பதிலில் சொன்னதுபோல முன்னதாக ஒரு சீன சைவக் கடையில் எல்லோருமே சேர்ந்து சாப்பிடுங்கள். நண்டை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.